கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரி

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு காதுகுத்து பேனருக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில், டாக்டர் செம்மலின் படத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார் திருப்பதி. ‘புற்றுநோய்க்கு முடிவு கட்டிய எங்கள் குடும்பத்து விளக்கே!’ என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. கீழே ‘திருப்பதி தேங்காய் மண்டி’. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லாத படம்தான் கிடைத்தது என்று பேனர் கடைக்காரன் கம்ப்யூட்டரிலேயே ஒன்றை மாட்டிவிட்டிருந்தான். பின்னால் என்னத்துக்கோ ஒரு பனிமலை.

நடந்தது இவ்வளவுதான். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கல்லீரல் மாற்று ஆபரேஷன் செய்கிற செம்மல், பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வந்திருந்தது. நம்மூர் பத்திரிகை ஒன்று மாவட்டச் செய்தியில் அதை நாலு வரி போட்டது. அந்த நாலு வரிக்குள் ‘புற்றுநோய்’ என்ற சொல்லும் ‘சாதனை’ என்ற சொல்லும் இருந்தன. திருப்பதிக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

படம் வாட்ஸ்அப்பில் வந்ததும் செம்மல் தலையில் அடித்துக்கொண்டு போன் போட்டான்.

“மச்சான், அத மொதல்ல கழட்டுங்க. நான் மருந்து எதுவும் கண்டுபிடிக்கல.”

“அப்ப என்னத்த மாப்ள கண்டுபிடிச்ச?”

“ஈரல்ல கேன்சர் வந்தவங்கள்ல யாருக்கு வேற ஈரல் வச்சாப் பிழைப்பாங்க, யாருக்கு வச்சாலும் திரும்ப வந்துரும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க ஒரு வழி.”

“அதுவும் ஒரு மருந்துதான, போ” என்று சொல்லிவிட்டுத் திருப்பதி போனை வைத்துவிட்டார். பேனரும் மழை வந்து கிழிக்கிறவரை அங்கேயே இருந்தது.

திருப்பதி, செம்மலின் அக்கா சொர்ணவல்லியின் புருஷன். அக்காவுக்கும் தம்பிக்கும் பெயரில் இந்தப் பொருத்தமின்மை ஏன் என்றால், மகள் பிறந்தபோது கோயில் கோயிலாகச் சுற்றிய அவர்கள் அப்பா, மகன் பிறப்பதற்குள் சாமியை விட்டுக் கட்சியில் சேர்ந்துவிட்டார். சாமியும் கட்சியும் ரெண்டுமே அவரைக் காப்பாற்றவில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது சொர்ணவல்லிக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அரை டிராயர் போட்ட தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு புருஷன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சீதனத்தோடு மச்சினனையும் சேர்த்து இறக்கியாச்சா என்று ஊர் கேலி பேசியது. திருப்பதி அந்தக் கேலிக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. பையனை டிவிஎஸ் வண்டியில் முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டார், பின்னால் உட்காரவைத்து விட்டார், கடைசியில் அவனே ஓட்ட, தான் பின்னால் உட்கார்ந்து போனார். அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி யாராவது இழுத்தால், “எங்களுக்குத்தான் டாக்டர் பிள்ளை இருக்கே” என்பாள் சொர்ணவல்லி. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பேனர் போனாலும் அதன் வேலை முடியவில்லை. ஸ்கேன் கவரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சனங்கள் மண்டிக்கு வர ஆரம்பித்தார்கள். வடகாட்டிலிருந்து வந்தார்கள், கீரமங்கலத்திலிருந்து வந்தார்கள். ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு படகுக்காரர் மனைவியின் மார்புக் கட்டிக்காக வந்தார். ஈரல் டாக்டரிடம் மார்புக் கட்டியை ஏன் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் திருப்பதி யோசிக்கவில்லை. எல்லோரையும் ரயில் ஏற்றி அனுப்பினார். “எங்க மாப்பிள்ளகிட்ட என் பேரச் சொல்லுங்க” என்பார். செம்மலும் முணுமுணுத்துக்கொண்டே ஆளாளுக்கு உரிய டாக்டரைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டான்.

இப்படி ஊரையே அனுப்பிய மனுஷன், தனக்கு விலாவுக்குக் கீழே வலி வந்தபோது மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, முழுக்கைச் சட்டைக்குள் கை குச்சியாகிக்கொண்டே வந்தது. என்ன பயம், நம்ம வீட்டு ஆளு இருக்கான், எப்ப வேணும்னாலும் போய்க்கலாம் என்று இருந்தார். அம்மன் கோயில் மண்டகப்படி அவருடையது, அது முடியட்டும் என்றார். அப்புறம் தேங்காய் வெட்டு முடியட்டும் என்றார். வீட்டுக் கொல்லையில் கிணறு இருக்கிறவன் மழைக்கு அலைய மாட்டான் இல்லையா, அந்த மாதிரி. அந்த நம்பிக்கையைக் கொடுத்தது தன் பெயர்தான் என்பது பிற்பாடு செம்மலைத் தூங்கவிடாமல் அடித்தது.

கடைசியில் சொர்ணவல்லி அவரைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனபோது, ஸ்கேன் படத்தைச் செம்மல் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஈரல் ஏற்கனவே சுருங்கிக் கெட்டிப்பட்டிருந்தது. அதில் கட்டி. கட்டி ஈரலோடு நிற்காமல், ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்க்குள்ளும் நுழைந்திருந்தது. புற்றுநோயின் வேகத்தைக் காட்டுகிற ரத்த அளவு எங்கேயோ உச்சியில் இருந்தது. கட்டியிலிருந்து ஊசி போட்டு எடுத்த சதையை அவனே மைக்ராஸ்கோப்பில் பார்த்தான், பார்க்காமலே இருந்திருக்கலாம். கட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட எப்படிப்பட்ட கட்டி என்பதுதான் முக்கியம் என்பது அவன் கட்டுரையின் சாரம். மூன்று அடையாளங்கள் சேர்ந்து இருந்தால் புது ஈரல் வைத்தும் பயனில்லை என்று அதில் எழுதியிருந்தான். அந்த மூன்றும் மச்சானிடம் இருந்தன.

“எதுக்குடா முழிச்சுக்கிட்டு நிக்கிற?” என்றாள் சொர்ணவல்லி. “எனக்கும் அவருக்கும் ஒரே ரத்தம், ஓ பாசிட்டிவ். எந்தப் பாதி வேணுமோ வெட்டி எடுத்துக்க. ஈரல் திரும்ப வளந்துரும்னு நீதான சொல்லியிருக்க.”

“பார்ப்போம்க்கா. மொதல்ல கட்டிய அடக்குவோம். அந்த ரத்த அளவு எறங்குனா நானே முன்ன நின்னு ஏற்பாடு பண்றேன்.”

அவன் சாக்குச் சொல்லவில்லை. கதிர்வீச்சு கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ஊசி ஏற்றினார்கள். மச்சானுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வருகிற நாளில் செம்மல் பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி அந்த லேப் வாசலிலேயே நிற்பான். சாமி கும்பிடாத அப்பாவுக்குப் பிறந்தவன், வடபழனியில் போய் நின்று அந்த ஒற்றை எண் இறங்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டும் வந்தான். அது இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏறியது.

இதற்கிடையில் சொர்ணவல்லி சும்மா இருக்கவில்லை. ஸ்கேன்களை எடுத்துக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். ஆபத்து ஜாஸ்திதான், ஆனால் நீங்கள் ரெண்டு பேரும் எல்லாம் தெரிந்து கையெழுத்துப் போட்டால் செய்து பார்க்கலாம் என்றார்கள். அவள் அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டாள்.

“நீ வெட்ட மாட்டேன்னா வேற ஆளு வெட்டுறாங்க. வீட்டுக்கு வா. வந்து ஒங்க மச்சானுக்குத் தைரியம் சொல்லி அனுப்பி வையி. அது ஒண்ணுதான் ஒன்கிட்ட கேக்குறேன்.”

புதுக்கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, அவன் வந்து சேர்ந்தபோது திருப்பதி மண்டிக் கொட்டகையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். வீட்டுக்குள் படுத்தால் சீக்காளி ஆகிவிடுவோம் என்று அவருக்கு ஒரு பயம். சுற்றிலும் உரித்த தேங்காய் குவிந்து கிடந்தது. முகம் மஞ்சளாக, வயிறு மட்டும் உப்பி, கண்ணில் பழைய குறும்பு கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு, “வா மாப்ள, இங்கிட்டு ஒக்காரு” என்று கட்டிலில் இடம் விட்டார்.

“ஒங்க அக்கா என்னைய வெட்டித் தைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா. நீ ஒரு வாரமா வாயத் தெறக்கல. ஒனக்கு இதுல இஷ்டம் இல்லன்னு எனக்குத் தெரியுது. ஏன்னு தெரியல.”

செம்மல் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பேனர் வச்சேன்ல, அந்தக் கட்டுரை கையில இருக்கா?”

“போன்ல இருக்கு.”

“படி. ஊருக்கெல்லாம் அதப் பத்திப் பேசுனவன் நானு. உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. தமிழ்ல சொல்லு.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் படிக்கிறேன் என்றிருக்கலாம். ஆனால் இந்த மனுஷனிடம் அவன் சின்ன வயசிலிருந்தே பொய் சொன்னதில்லை, சொல்லவும் வராது. போனை எடுத்துப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். இங்கிலீஷில் வழுக்கிக்கொண்டு போகிற வரிகள் தமிழில் நின்று நின்று வந்தன. இங்கிலீஷில் ‘மீண்டும் தோன்றும் விகிதம்’ என்று அழகாக இருந்தது, தமிழில் ‘இத்தனை பேருக்குத் திரும்ப வந்தது’ என்று ஆகியது. ‘உயிர்வாழ்வின் இடைநிலை’ என்று ஒன்று இருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “பாதிப் பேரு ஒரு வருஷம் தாண்டல, மச்சான்” என்றான். சொன்ன பிறகுதான் தான் எழுதியது எவ்வளவு பயங்கரமான வாக்கியம் என்று அவனுக்கே தெரிந்தது.

திருப்பதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினால், “ம்” என்றார்.

“இந்த மூணு அடையாளமும் சேர்ந்து இருக்கிறவங்களுக்கு மாற்று ஆபரேஷன் செய்றத நாங்க சிபாரிசு செய்யல” என்ற வரி வந்தது. அதையும் வாசித்தான்.

“மூணும் எனக்கு இருக்கா?”

“இருக்கு மச்சான்.”

“ஏன் திரும்ப வருது? புது ஈரல்தான?”

“கட்டி ரத்தக் குழாய்க்குள்ள போயிட்டா, கண்ணுக்குத் தெரியாம ஒடம்பு பூரா வெதச்சிருக்கும். புது ஈரல ஒடம்பு தள்ளாம இருக்கணும்னா எதிர்ப்புச் சக்தியக் கட்டிப்போடுற மாத்திர காலம் பூரா குடுக்கணும். காவக்காரனக் கட்டிப்போட்ட மாதிரி. பெறகு ஒளிஞ்சிருக்கிறது வேகமா வளரும்.”

திருப்பதி போனை எட்டிப் பார்த்தார்.

“இதுல இருக்கிறவங்களுக்கெல்லாம் பேரு ஊரு கெடையாதா?”

“போடக் கூடாது. நம்பர்தான்.”

“ஒனக்குத் தெரியும்ல.”

தெரியும். ஒருத்தர் காரைக்குடிப் பக்கம் பஸ் கண்டக்டர், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பை வைக்கிற தோளைச் சாய்த்தே உட்காருவார். ஒருத்தர் கணக்கு வாத்தியார். ஒருத்தருக்குக் கல்யாணத்துக்கு நிச்சயமான மகன் ஈரல் கொடுத்தான். செம்மல் ஒவ்வொருவராகச் சொன்னான். பல வருஷமாக அவர்களை எண்ணாகவே வைத்திருந்தவனுக்கு முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

“கண்டக்டருக்கு யாரு குடுத்தா?”

“அவரு சம்சாரம்.”

“அந்தப் பொம்பள இப்ப எப்படி இருக்கு?”

செம்மல் போனைப் பார்த்தான். அதில் இருக்கும் என்பது போல. “தெரியல மச்சான்.”

“தெரியலயா? குடுத்தவங்களப் பத்தி அதுல ஒண்ணும் எழுதலயா?”

“ஒரு வரி இருக்கு. ‘கொடுத்தவர்கள் அனைவரும் நலமாக வீடு திரும்பினர்.’ அதுக்கு மேல… புருசன் போனப்புறம் அவங்க எங்ககிட்ட வர்றதில்ல.”

“நலமாத்தானடா திரும்புனாங்க!” என்று கொட்டகை வாசலிலிருந்து ஒரு குரல். சொர்ணவல்லி கஞ்சிச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, எதிலிருந்து கேட்டாளோ. “நீயே எழுதியிருக்க. எல்லாரும் நல்லா இருந்தாங்கன்னு நீயே எழுதியிருக்க. பெறகு எதுக்குப் பயப்படுற? அந்த மூணும் இருந்து பிழைச்ச ஆளு ஒண்ணுகூட இல்லயா?”

“இருக்காங்கக்கா. ரெண்டு மூணு பேரு.”

“அந்த ரெண்டு மூணோட இவரும் இருந்துட்டுப் போகட்டுமே! யாரு வீட்டு ஈரலடா கேட்டேன்? என் ஈரல்!”

“வல்லி” என்றார் திருப்பதி. அவர் சத்தம் போடவே இல்லை, ஆனால் அவள் நின்றுவிட்டாள். அவர் செம்மலைப் பார்த்தார். “மாப்ள, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ எழுதுனது சரியா, தப்பா?”

கேள்வி என்றால் இதுதான் கேள்வி. வெளிநாட்டில் மூன்று பெரிய டாக்டர்கள் பரிசீலித்து ஒத்துக்கொண்ட கட்டுரை. அது தப்பாக இருக்க வேண்டும் என்று செம்மல் அளவுக்கு இந்த உலகத்தில் யாரும் ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள்.

“சரிதான் மச்சான்” என்றான்.

“அப்ப விடு. நீ எழுதுனது சரின்னு ஊர் பூரா பாக்க நான் பேனர் வச்சவன். எனக்குன்னு வந்ததும் அது தப்புன்னு நான் சொல்லணுமா? அவள வெட்ட வேண்டாம். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில கெடந்தா மண்டிய யாரு பாக்குறது?”

கடைசி வாக்கியத்தை அவர் சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சொர்ணவல்லி செம்பைத் தேங்காய்க் குவியல் மேல் வைத்துவிட்டு வந்து அவர் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினாள், அழுதாள், திட்டினாள், நீங்க இல்லாம எனக்கு எதுக்கு முழு ஈரல் என்று கேட்டாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். சம்மதம் மட்டும் கொடுக்கவில்லை. வாங்குகிறவன் வேண்டாம் என்றால் கொடுக்கிறவள் என்ன செய்ய முடியும்?

செம்மல் கிளம்பும்போது அவள் வாசலில் வழிமறித்தாள். “படிச்சுக் காட்டாம இருந்திருக்கலாம்ல நீ? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, எனக்காகப் பொய் சொல்லியிருக்கலாம்ல? இனிமே எங்கிட்டப் பேசாத.”

அவள் சொன்னபடியே இருந்தாள். திருப்பதியின் கடைசி மாதங்களில் செம்மல் விடுமுறை போட்டு வந்து கூடவே கிடந்தான். வயிற்றில் சேர்கிற நீரை எடுத்தான், வலி தெரியாமல் மருந்து கொடுத்தான், குளிப்பாட்டினான், அவர் கேட்டபோதெல்லாம் டிவிஎஸ் வண்டிக் கதைகளைப் பேசினான். அக்கா ஒரே வீட்டுக்குள் அவனைக் கடந்து போவாள், வருவாள். சோறு போடுவாள், தட்டைப் பார்த்துப் போடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒரு நாள் காலை, காய் லாரி வந்து ஹாரன் அடித்த நேரத்தில், திருப்பதி போய்விட்டார். அப்போதும் அவள் தம்பியின் தோளில் சாயவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கருமாதிக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். இந்தக் காலத்தில் பாதிச் சடங்கைச் சனங்கள் விட்டுவிட்டார்கள். ஆனால் புருஷனை இழந்தவளுக்கு அவள் கூடப்பிறந்தவன் புதுச் சேலை கொண்டுவந்து தன் கையால் போடுகிற இந்த ஒன்றை மட்டும் எந்த வீட்டிலும் விடுவதில்லை. உனக்கு இன்னும் ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிற காரியம் அது. சொர்ணவல்லிக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தன்தான். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு சேலை எடுத்திருந்தான் செம்மல். எந்த நிறம் எடுப்பதென்று யாரிடமும் கேட்க முடியவில்லை. அவள்தான் எப்போதும் சொல்லுகிறவள்.

பெண்கள் கூடியிருந்த அறைக்குள் தாம்பாளத்தோடு போய் நின்றான். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பேச்செல்லாம் அடங்கியது. அக்காவும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும். சேலையைத் தட்டிவிட்டுவிடுவாளோ என்று எல்லோருக்கும் பதைப்பு. தட்டிவிட்டால் அதோடு பிறந்த வீடும் அற்றுப்போனதாக அர்த்தம்.

“தம்பி, போடுங்க” என்றாள் திருப்பதியின் அக்கா ராசாத்தி, அழுகையை அடக்கிக்கொண்டு. “வல்லி, திரும்பும்மா. இங்கிட்டுப் பாரு.”

சொர்ணவல்லி திரும்பினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் வலது கை முந்தானைக்குள், விலாவுக்குக் கீழே, எதையோ தேடுவது போல அழுத்திக்கொண்டிருந்தது.

“வயித்துல ஒரு தழும்பாவது இருந்திருக்கும்டா” என்றாள். “நான் குடுத்தேன், நின்னு போராடுனேன்னு அதத் தடவிக்கிட்டாவது கெடந்திருப்பேன். ஒண்ணுமே இல்லயேடா எனக்கு. முழுசா இருக்கேனே.”

செம்மல் தாம்பாளத்தைக் கீழே வைத்தான். கோடியைப் பிரித்தான். மடிப்புக் கலையாத புதுச் சேலை விறைப்பாக நின்றது. அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள். அவன் அதை அவள் தோளைச் சுற்றிப் போட்டான். கோடி போடுகிறவன் அழக் கூடாது என்று ஒன்றும் சட்டம் இல்லை. அக்காவின் காலடியில் உட்கார்ந்து, பெண்கள் எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதான்.